மேலாளர் ஊற்றிய சாக்கே

லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்த காலத்தில், லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வேலை நிரந்தரமானபோது, ஜப்பானிய மேலாளர் எங்கள் பிரிவை இசகாயாவுக்கு அழைத்தார். குடித்துக்கொண்டே சின்னத் தட்டுகளில் விதவிதமாகச் சாப்பிடும் ஜப்பானிய மதுக்கடை அது. "கணவரையும் கூட்டி வாருங்கள்" என்றார்.

என் கணவர் சுவிஸிலிருந்து வந்து அதிக காலமாகவில்லை. ஜெர்மன் சரளமாக வரும், ஆங்கிலம் தடுமாறும். எங்கள் கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்கள் டையைக்கூடக் கழற்றிவிட்டு இருந்தார்கள். எனக்கு அப்போதே கூச்சமாகிவிட்டது.

சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்தோம். அவித்து உப்புத் தூவிய சோயா அவரைக்காய் வந்தது; தோலை நீக்கி உள்ளிருக்கும் பருப்பை மட்டும் தின்ன வேண்டும். என் கணவர் அதைத் தோலோடு மென்றார். யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த மேலாளர் சின்னக் கிண்ணத்தில் சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்ற, இவர் ஒரே மடக்கில் குடித்தார். காலியானதும் மேலாளர் மறுபடி ஊற்றினார். இவர் மறுபடி குடித்தார்.

"காணும், இனிக் குடியாதேங்கோ" என்று அவர் காதோரம் சொன்னேன்.

"அது ஒண்டும் செய்யாது" என்று சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் முகம் வெளிறியது. எழ முயன்றவர் பாயிலேயே வாந்தி எடுத்துவிட்டார். பரிமாறிய பெண் துவாலைகளோடு ஓடிவந்தாள். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் அவரை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். ரயிலில் தெரியாதவள்போலத் தள்ளி உட்கார்ந்தேன்.

காலையில் வெடித்தேன். "குடிச்சுப் பழக்கமில்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே? என்ர மானம் போச்சு."

"உம்மட பெரியவர் தன்ர கையால ஊத்தித் தாறார். வேண்டாம் எண்டால் உம்மட வேலைக்கு ஏதும் வந்திடுமோ எண்டுதான் குடிச்சனான்."

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அலுவலகத்தில் மேலாளர் என் மேசைக்கு வந்து குனிந்து வணங்கினார். "மன்னியுங்கள். போதுமென்றால் நாங்கள் கிண்ணத்தைக் காலியாக்க மாட்டோம். அவர் காலியாக்கியதால் இன்னும் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். விருந்தாளியைக் கவனிக்கத் தவறியவன் நான்தான்."

மாலையில் கணவரிடம் சொன்னேன். "பாவம் மனுசன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "ஒருநாள் வீட்டை வரச் சொல்லும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலாளர் வந்தார். இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு நண்டுக்கறியை உறிஞ்சிச் சாப்பிட்டார்கள். அன்று ரயிலில் தள்ளி உட்கார்ந்த நான், பரிமாறுவதாகச் சொல்லிக்கொண்டு சமையலறையிலேயே நின்றேன்.