துகள் தேடும் மாப்பிள்ளை

1960களில் அய்யாவோடு முதுகுளத்தூருக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் தகப்பனார் மிளகாய் வியாபாரி. உத்தியோகம் என்னவென்று கேட்டார்.

"வெளிநாட்டுல பெரிய எந்திரத்துல அணுத்துகளுகளை ஓடவிட்டு மோதவிட்டுப் படம் எடுத்து, இங்க எங்க சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவாக. அந்தப் படங்கள்ல புதுசா ஒரு துகள் தெரியுதான்னு நான் பார்க்கணும்."

"தெரிஞ்சுச்சா?"

"மூணு வருசமாத் தேடுறேன், இல்ல. அப்படி ஒண்ணு இருக்கான்னே தெரியாது."

உண்மை பேசிய பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சம்பந்தம் போச்சு என்று அய்யா தலையில் கை வைத்தார்.

"கெடைக்கலேன்னா?"

"இன்னும் பெரிய எந்திரத்துல தேடுவோம்."

"அதுக்கும் சர்க்கார் சம்பளம் உண்டா?"

"உண்டு."

அவர் உள்ளே திரும்பி, "ஏ புள்ள, தாம்பாளத்தை எடுத்துட்டு வா! மாப்பிள்ளைக்கு முடியவே முடியாத உத்தியோகம்!" என்றார்.

என் அறிவுக்காகத்தான் பெண் கொடுத்தார் என்று மனைவியிடம் இன்றும் சாதித்து வருகிறேன்.