மாவுக்கு வால் முளைத்த பெயர்

"லா இல்லைங்க. ளாவும் இல்லை. ழா. நாக்கைப் பாய் மாதிரிச் சுருட்டி விடுங்க, தானா வரும்" என்று டோக்கன் அக்கா தொலைபேசியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். எதிர்முனையில் கடன் அட்டை விற்கக் கூப்பிட்ட யாரோ ஒரு பாவப்பட்ட ஜீவன். ழகரம் வராமல் அவருக்கு விடுதலை கிடையாது. தட்டுத் தடுமாறி அவர் "எமீழா மேடம்" என்று சொல்லி முடித்ததும், "இப்பச் சரி. அட்டை வேணாம்" என்று போனை வைத்துவிடுவாள்.

மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையின் முன்கூடம்தான் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு மேசை, அதன்மேல் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லைகள், சுவரோரமாக நாற்காலிகள், அவற்றில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். உள்ளே டாக்டர் மணி அடித்தால் அடுத்த ஆளை இவள் கூப்பிட வேண்டும். எண்ணைச் சொன்னால் போதும் என்றுதான் டாக்டரின் உத்தரவு. இவள் கேட்டால்தானே? "வலியோட வந்தவங்களை நம்பர் சொல்லிக் கூப்பிட்டா நல்லாவா இருக்கு?" என்பாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிடுவாள். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஊரார் பெயரையெல்லாம் பழுதில்லாமல் கூப்பிடுகிற அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் கிடையாது. வாய் சுளுக்கிக்கொள்ளும் என்ற பயத்தில் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்காதான்.

அந்தப் பெயரின் பூர்வீகத்தை அவள் சொல்லித்தான் கேட்க வேண்டும். மூலம் எபிரேயப் பெயர், எமீமா. புறா என்று அர்த்தமாம். அதுவே லேசில் காதில் விழுகிற பெயரில்லை. வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா, பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் பெண் குழந்தைகளுக்கான பெயர்களைப் பார்த்திருக்கிறார். அச்சில் கடைசி 'மா'வுக்கு அடியில் மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. மாவுக்கு வால் முளைத்தால் ழா ஆகிவிடாதா? எபிரேயக்காரர்களே கண்டிராத எழுத்து இப்படித்தான் அவர்கள் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருவர் தவறைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அப்பா மசியவில்லை. "எமீமா ஊருக்கு ஒண்ணு இருக்கும் டீச்சர். எமீழா எம்பொண்ணு ஒருத்திதான்."

இன்றைக்கும் கைபேசியில் அந்தப் பெயரைத் தேடினால், எமீமாவையா தேடுகிறீர்கள் என்று அது திருப்பிக் கேட்கிறது. அக்காவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வேலையில்லாத நேரத்தில் தேடிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

வெறும் பெருமை மட்டுமில்லை. அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது வண்டியை எடுத்துக்கொண்டு போன அப்பா திரும்பி வரவே இல்லை. எங்கோ இருக்கிறார் என்று மட்டும் தெரியும். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள். மகள் விடவில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்து, நரை எட்டிப் பார்க்கிற வயதிலும் சொல்வாள்: "எங்கப்பா மனசுல அந்தப் பேருக்கு வேற ஆள் கிடையாது. அந்த ஒண்ணுக்காகவாவது வருவாரு." அந்த நம்பிக்கையில் கை வைக்க அவள் வீட்டுக்காரர்கூடத் துணிந்ததில்லை.

போன வாரம் ஒரு பெண்மணி எட்டு வயதுச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். பால்பல் ஆடுகிறது, விழ மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

"பேரு சொல்லு கண்ணு" என்றாள் அக்கா.

"எமீழா."

யாரோ சொல்லிக்கொடுத்துக் கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்துக் கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பாட்டுக்குப் பஞ்சைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"எமீமாவா?"

"மா இல்ல, ழா. நாக்கைப் பாய் மாதிரிச் சுருட்டணும். அப்பா என் தாடையப் பிடிச்சிக்கிட்டுச் சொல்லிக் குடுத்தாரு."

அக்காவின் கை தானாகத் தன் தாடைக்குப் போயிற்று. உலகத்தில் ஒரே ஒரு மனிதர் செய்யக்கூடிய தவறு அது. அவளை அப்படித் தாடையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வைத்தவரும் அவர்தான்.

சிறுமியின் அம்மாவுக்குப் புது ஊரில் முகம் கொடுத்துப் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். "வாயில நுழையாத பேரு வேணாம்னுதாங்க நானும் சொன்னேன். அவரு கேக்கலை. மூத்த தாரத்துல ஒரு பொண்ணு இருந்துச்சாம். சின்ன வயசுலயே காய்ச்சல் கண்டு தவறிடுச்சாம். அது பேரைத்தான் வைப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. பாவம், இப்பவும் அந்தப் பொண்ணப் பத்திப் பேச்சு வந்தா கண்ணு கலங்கிருவாரு."

தவறிப்போனவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வில்லையை எடுத்துக் கொடுத்தாள். அவர் மறந்துவிட்டார் என்றால் வாயாரத் திட்டிவிட்டுப் போகலாம். மறக்கவில்லையே. சாகடித்துவிட்டு அழுகிறார். காய்ச்சலாமே, காய்ச்சல். வாசலில் எந்த வேன் சத்தம் கேட்டாலும் ஓடிக்கொண்டிருந்தவளுக்குப் படுக்க எங்கே நேரம் இருந்தது?

"அவரு வரலையா?" வார்த்தை எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கீழ வண்டிய நிறுத்துறாரு. முட்டி வலி. மெதுவாத்தான் படி ஏறுவாரு."

சிறுமி மேசைமேல் எட்டிப் பார்த்தாள். "வலிக்குமா அக்கா?"

வருகிறவர் போகிறவர் எல்லாம் கூப்பிடுகிற அக்காதான். இன்றைக்கு அது நிஜமாகவே உறவாகி வந்து நெஞ்சில் அடித்தது. அந்தப் பிள்ளைமேல் கோபப்படப் பார்த்தாள், முடியவில்லை. "வலிக்காது கண்ணு" என்றாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு படி. முந்தைய ஆள் வாயில் பஞ்சோடு உள்ளேயிருந்து வந்தார். டாக்டர் மணி அடித்தார்.

டோக்கன் அக்கா எழுந்து நின்றாள். கம்பவுண்டர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி, படிக்கட்டுப் பக்கம் திரும்பி, நாக்கை நன்றாகச் சுருட்டிக் கூப்பிட்டாள்.

"எமீழா."

செருப்புச் சத்தம் நின்றது.

"நான் இங்க இருக்கேன் அக்கா" என்று சிறுமி பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அக்கா திரும்பவில்லை. படிக்கட்டைப் பார்த்தபடியே இன்னொரு முறை கூப்பிட்டாள்.