பென்சில் தொடாத கேள்வி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு அமெரிக்க விசாவுக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஓராண்டு ஆராய்ச்சிக்காக அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்று அவளை அழைத்திருக்கிறது. நான் உள்ளூராட்சிக் கவுன்சிலின் மேன்முறையீட்டுப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிறர் நிரப்பிய படிவங்களில் பிழை கண்டுபிடித்தே வீட்டுக் கடனைக் கட்டி முடித்தேன். ஆகவே எங்கள் குடும்பத்தில் ஒருவரும் என்னிடம் காட்டாமல் எந்தப் படிவத்திலும் கையொப்பமிடுவதில்லை. வாழ்த்து அட்டையைக்கூடச் சிலர் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறார்கள்.

கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள் எல்லாவற்றையும் எழுதும்படி அந்தப் படிவம் கேட்டது. எழுதினால் மட்டும் போதாதாம். அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு வசதியாகக் கணக்குகளைத் திறந்தும் வைக்கவேண்டுமாம். மகள் ஓர் ஊர்வலத்தில் பதாகையோடு நின்று எடுத்த படத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை அழிக்கிறாய்?"

"சேஃப்டிக்கு அம்மா. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம். இது ஜஸ்ட் ப்ரொசீஜர்."

"ப்ரொசீஜரை எனக்குப் படிப்பிக்கிறாய்."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. அழிக்கிறதோ, விடுறதோ?"

ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆலோசனை சொன்ன நான் ஆலோசனை கேட்கவேண்டியதாயிற்று. பெரியப்பாவின் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அமெரிக்காவில் பிறந்தவன், அந்நாட்டுக் குடிமகன், பல் வைத்தியன். அங்கே நிலைமை எப்படி என்றுதான் கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதைப் பற்றிப் போனிலை கதைக்க வேண்டாம்" என்றான். தன் பல் வைத்தியசாலைக்குள் இருந்துகொண்டு!

அப்படியே அதிர்ந்துபோய் இருந்தேன். ஏனென்றால், அமெரிக்காவில் எவரும் எதற்காகவும் குரலைத் தாழ்த்தத் தேவையில்லை என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவனுடைய தகப்பன்தான்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறைக்குப் பெரியப்பா லண்டனுக்கு வந்தார். நாங்கள் அப்போது கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். பெரியப்பா பொறியியலாளர். கட்டம் போட்ட கால்சட்டையும் பெரிய சிரிப்புமாக வந்து இறங்கி, இரண்டு கிழமை முழுவதும் அமெரிக்காவைப் பற்றியே பேசினார்.

"எங்கட எதிர்வீட்டுக்காரன் மற்றக் கட்சி, பிள்ளை. தேர்தல் வந்தால் அவனும் முற்றத்திலை பலகை நாட்டுவான், நானும் நாட்டுவன். பிறகு ரெண்டு பேரும் ஒண்டாய் இருந்து இறைச்சி வாட்டித் தின்னுவம். ஜனாதிபதியின்ரை வாசல்லை நிண்டு அவரை மடையன் எண்டு கத்தலாம். பொலிஸ்காரன் பாத்துக்கொண்டு நிப்பான்."

"மழை பெஞ்சால் குடையும் பிடிப்பானோ அண்ணை?" என்று அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

அண்ணன் தம்பி சண்டை அப்படித்தான் தொடங்கியது. அதன் வேர் யாழ்ப்பாணத்தில் இருந்தது. இளைஞர்களாக இருந்தபோது இருவரும் ஒரு பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்திருந்தார்கள். அப்போது சில சாதியாருக்குக் கோயில் கதவு பூட்டியே கிடந்தது. கதவைத் திற என்று வாசலில் குந்தியிருந்தவர்கள் அந்தக் கட்சிக்காரர்கள் மட்டும்தான். ஆகவே இவர்களும் போய்க் குந்தினார்கள். கதவுக்கு உள்ளே போகும் உரிமை இருந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் வெளியே வெயிலில் இருந்தது ஊரை அதிர வைத்ததாம். அந்த வாசலில் எடுத்த படமொன்று எங்கள் அலுமாரியில் இருந்தது. படத்தில் இருவரும் ஒட்டி நின்றார்கள். அப்பாவிடம் அடிக்கடி கேட்டுக் கேட்டு அந்தக் கதை எனக்குப் பாடமாகியிருந்தது.

பின்னர் பெரியப்பா அமெரிக்கா போனார். பொதுவுடைமைக் கட்சி எதிலாவது எப்போதாவது உறுப்பினராக இருந்தீரா என்று அந்நாட்டு விசாப் படிவம் கேட்டது. அவர் 'இல்லை' என்று எழுதினார். பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் 'இல்லை' என்றே எழுதினார்.

"உங்கட நாட்டிலை எல்லாம் கதைக்கலாம்தான்" என்று அப்பா அன்றைக்குச் சொன்னார். "உள்ளுக்கை போக முதல் ஒண்டும் கதைச்சிருக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

பெரியப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ இந்தக் குளிருக்கை கணக்கெழுதிக்கொண்டு கொள்கை பேசு. எனக்கு வாழ வேணும்."

இரண்டு நாள் முன்னதாகவே அவர் திரும்பிப் போனார். அதன் பிறகு கடிதம் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரியம்மாவும் அம்மாவும் மட்டும் அட்டை அனுப்பிக்கொண்டார்கள்.

இரண்டு வருடங்களின் பின் பெரியம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பெரியப்பாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. பிழைப்பது அரைவாசிக்கு அரைவாசி என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். "தம்பியை ஒருக்கால் வரச் சொல்லு" என்று பெரியப்பாவே கேட்டாராம். அப்பா அன்றே வேலைத்தலத்தில் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு விசாப் படிவத்தை எடுத்து வந்தார்.

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவதற்கென்று ஒரு முறை இருந்தது. அப்பா ஊரில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். ஆனால் அவருடைய சாய்வெழுத்தை லண்டனில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. ஒரு முறை எங்களுக்கு எரிவாயுக் கட்டண நோட்டீசு யாரோ ஒரு போலந்துக்காரர் பெயரில் வந்தது. அன்றிலிருந்து எந்தப் படிவத்தையும் அவர் முதலில் பென்சிலால் மெல்லியதாக நிரப்புவார். அதன் மேல் நான் மையால் பெரிய எழுத்தில் எழுதுவேன். காய்ந்ததும் பென்சில் கோடுகளை அழிப்பேன். பத்து வயதில் எங்கள் குடும்பத்தின் வெளிவிவகாரங்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் நடந்தன. எனக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் படிவத்தை அப்பா பென்சிலால் நிரப்பிவிட்டு, கடைசிப் பக்கத்தில் காலையிலேயே கையொப்பமும் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனார். முழுவதும் நிரப்பாத படிவத்தில் கையொப்பமிடக் கூடாது என்று பிற்காலத்தில் எத்தனை பேரை ஏசியிருக்கிறேன்! "நீ எழுதி வை பிள்ளை. பின்னேரம் வந்து பாக்கிறன்" என்றார். நேர்காணலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

நான் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு கேள்விக்குப் பக்கத்தில் மட்டும் பென்சில் படவேயில்லை. அது அந்தக் கட்சிக் கேள்விதான்.

அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். விடை தெரிந்த கேள்வியை வெறுமையாக விடுவது எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய குற்றம். எனக்கோ விடை நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் எதையும் சொல்லலாம் என்று பெரியப்பாவும் சொல்லியிருந்தார். ஆகவே, 'ஓம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில், என் வாழ்க்கையிலேயே மிக அழகாக எழுதினேன். 'ஆமெனில் விளக்குக' என்று கீழே ஒரு கோடு இருந்தது. கோயில் கதவைத் திறப்பதற்காக அப்பா சேர்ந்தார் என்று அதில் எழுதினேன். பெரியப்பாவும் கூடச் சேர்ந்தார் என்று எழுதத்தான் விருப்பம். கோட்டில் இடம் போதவில்லை. இன்றைக்கும் அந்த இடப் பற்றாக்குறையை நினைத்தால் எனக்குக் கை குளிர்கிறது.

மதியம் பெரியம்மா மறுபடி அழைத்தார். பெரியப்பாவின் நிலைமை மோசமாகிவிட்டது. சத்திரசிகிச்சையை நாளை மறுநாளே செய்யப்போகிறார்கள். அம்மா அப்பாவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். படிவத்தையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு விசா அலுவலகத்துக்கு நேரே வரும்படி அப்பா சொன்னார். நான் பென்சில் கோடுகளை அவசரமாக அழித்து, படிவத்தை உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, ஓரங்களை அழுத்தியும் விட்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாத பிள்ளை நான்.

அவசரம் என்று சொல்லி அன்றைக்கே நேர்காணல் வாங்கிக்கொண்டு அப்பா வரிசையில் நின்றார். எங்களைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "உறையைத் தா பிள்ளை. ஒரு சின்ன வேலை இருக்கு."

"ஒரு வேலையும் இல்லை அப்பா. எல்லாம் எழுதியாச்சு."

"எல்லாமோ?"

"ஓம். நீங்கள் மறந்து விட்டதையும் எழுதினனான்."

அவருடைய முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். அதற்கு முன் ஒரு மனித முகம் அப்படி வெளுத்து நான் கண்டதில்லை. பேனாவின் மூடியைத் திறந்தபடியே நின்றார். அந்த நேரம் பார்த்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். உறையைக் கத்தியால் கீறினார். வாசித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, தலையைத் தூக்கினார். "ஐயா, இது உங்களுடைய பதில்தானா?"

அந்த நிமிடம் அப்பாவுக்கு என்னென்ன வழிகள் இருந்தன என்பது இன்று எனக்கு விரல் நுனியில். புதிய படிவம் கேட்டிருக்கலாம். குழந்தை தவறுதலாக எழுதியது என்று சொல்லியிருக்கலாம். வெட்டித் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கலாம். ஆனால் எந்த வழியால் போனாலும் அதிகாரி அடுத்ததாக என்னைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார்: மகளே, ஏன் அப்படி எழுதினாய்? நான் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். அலுமாரியில் இருக்கும் படத்தைப் பற்றியும், அதில் பக்கத்தில் நிற்கும் பெரியப்பாவைப் பற்றியும். பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைத் திருப்பிப் பறிக்கவும் சட்டம் இருந்தது. இதெல்லாம் அப்பா இறந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். "என்னுடைய பதில்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"குடும்பத்தில் வேறு யாராவது?"

"இல்லை. நான் மட்டும்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் வாய் தானாக மூடியது.

அதிகாரி வருத்தம் தெரிவித்தார். உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொன்னார். இப்படியானவர்களுக்குச் சட்டப்படி தடை இருக்கிறது, ஆனால் வாஷிங்டனிடம் விசேட அனுமதி கேட்கலாம், சில வாரங்கள் ஆகும் என்றார். அண்ணனுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்று அப்பா சொன்னார். அதிகாரி அதையும் ஒரு தாளில் கவனமாகக் குறித்துக்கொண்டார். எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்ளும் மனிதர்களிடம் வேறொன்றும் எதிர்பார்க்கக் கூடாது என்பதை நானே பின்னாளில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கற்றுக்கொண்டேன்.

நடந்ததை அம்மா பெரியம்மாவுக்கு அழைத்துச் சொல்லியிருந்தார். அன்று மாலை கீழ்த்தளத்து நடையில் இருந்த தொலைபேசி ஒலித்தது. அப்பா எடுத்தார். நான் படிக்கட்டில் இருந்தேன். பேசியது பெரியப்பாவேதான். நோயாளி என்று சொல்ல முடியாத குரல். தொலைபேசிக் குழாயைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"உண்மையோடா? ஓம் எண்டே எழுதினனீ?"

"ஓம் அண்ணை."

"ஆர் எழுதினது? நீயோ?"

"நான்தான். என்ரை கையாலைதான் எழுதினன்."

"நான் 'இல்லை' எண்டு எழுதேல்லையே? ஒரு சொல்லடா! சாகக் கிடக்கிறவனுக்காக ஒரு சொல்லு எழுத உனக்குக் கை வரேல்லை. உன்ரை கட்சி உனக்குப் பெரிசு."

பெரியப்பா குழாயை வைத்துவிட்டார் என்று எனக்கு விளங்கிய பிறகும் அப்பா அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பா சத்திரசிகிச்சை மேசையிலிருந்து எழும்பவில்லை. விசேட அனுமதி கிடைத்திருப்பதாக அழகான தடித்த தாளில் கடிதம் வந்தபோது அவருடைய முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்திருந்தது.

ஆனால் தொலைபேசி வந்த அந்த மாலை எனக்கு வேறொரு துக்கம் இருந்தது. அப்பாவின் வாயிலிருந்து பொய் வந்ததை என் இரண்டு காதாலும் கேட்டிருந்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் முறையிட்டேன்.

"அம்மா, அப்பா பொய் சொல்றார்! தன்ரை கையாலை எழுதினவராம். எழுதினது நான். அவர் பென்சில்கூட வைக்கேல்லை!"

அம்மா என் வாயைப் பொத்தினார். அவருடைய கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. எனக்கு நடந்த அநியாயத்துக்காகத்தான் அழுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. சாவுச் செய்தி வந்த அன்றும் பேசவில்லை. நான்காம் நாள் அவர் சவரம் செய்யாத முகத்தோடு வந்து என் கட்டிலின் ஓரத்தில் இருந்தார்.

"என்னோடை என்ன கோபம் பிள்ளை?"

"நான் எழுதினதை நீங்கள் எழுதினது எண்டு சொன்னனீங்கள்."

அவர் என் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். பிறகு, "ஓம் பிள்ளை, அது பிழைதான். எழுத்து உன்ரைதான். நல்ல வடிவாய் இருந்தது" என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால் நான் அவரை மன்னித்தேன்.