சிரில் மாமாவின் ரோடு டயர்கள்

என் அக்கா பியாட்ரிஸின் கணவர் சிரில், பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியையும் லத்தியையும் நினைக்க வேண்டாம். மெஷினில் இருந்து வருகிற உருப்படிகளை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஒரு பெட்டியிலும் இல்லையென்றால் இன்னொரு பெட்டியிலும் போடுகிற வேலை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார் என்பதுதான் தொல்லை. மகன் ஜாய்சன் வாங்கிய மார்க், வெட்டிக்கொண்ட முடி, கூட்டிக்கொண்டு வந்த பெண், எதுவும் அவரிடம் தேறியதில்லை. அக்கா இருந்தவரை நடுவில் நின்று சமாளித்தாள். அவள் இறந்த பிறகு ஜாய்சன் ட்ராஃபிக்கைக் காரணம் காட்டி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஃப்ளாட் பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஜீவனஹள்ளி வீட்டில் மாமா தனியாக டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஜாய்சன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வருவதில்லை. ஜீப் வைத்திருக்கும் ஒரு கூட்டத்தோடு கனகபுரா பக்கம் பாறைகளில் வண்டி ஏற்றப் போய்விடுவான். நல்ல ரோடு இருக்கும்போது பாறை மேல் எதற்கு ஓட்ட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாமாவுக்கும் விளங்கியிருக்காது. ஆனால் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அவன் கோயிலுக்கு வர மாட்டான் ஹெர்பர்ட். நான் பாறைக்குப் போறேன். ஒரே ஒரு நாள் அவன் பின்னாடி வண்டி ஓட்டினாப் போதும்."

ஏதோ வெறுப்பில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். பார்த்தால், ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பழைய ஜீப்பை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார். அந்த மழைக்காலம் முழுவதும் அதன் அடியில்தான் படுத்துக் கிடந்தார். இடுப்பு வலி என்று முனகுவார், தைலம் தேய்த்துக்கொள்வார், மறுபடி உள்ளே போவார். கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அவர் கையாலேயே சரியானது. மிச்சம் இருந்தது டயர் ஒன்றுதான்.

டயரில் இத்தனை ரகம் உண்டு என்பதே எனக்கு வெங்கடசாமியின் கடையில்தான் தெரிந்தது. சேற்றுக்குக் கட்டி கட்டியாக, நடுவில் அகலமான இடைவெளி விட்ட டயர். ரோட்டுக்கு மெல்லிய கோடு போட்ட டயர். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பாறைக்கு எது என்று மாமா கேட்டதும், வெங்கடசாமி எல்லாவற்றையும் விட்டுவிட்டு டயரின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினார்.

"பாறையில ஏத்தறப்போ காத்தைக் கொறச்சிடுவாங்க சார். அப்போதான் டயர் பரவி கல்லைப் புடிக்கும். காத்து கம்மியானா சைடு பிதுங்கும். சைடு மெல்லிசா இருந்துச்சு, கல்லு கிழிச்சிடும். ரோடு டயர் மட்டும் பேடவே பேடா, வேணாம் சார்."

மாமா, பக்கவாட்டில் தடித்த ஒரு டயரைப் பிடித்து, அழுத்தி, உருட்டிப் பார்த்தார். பிடித்துப்போய்விட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. "எதுக்கும் ஜாய்சனை ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மகனிடம் பேசுவதற்கு ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

ஜாய்சன் அப்பாவிடம் "சாப்டீங்களா" என்பதற்கு மேல் பேசுகிறவன் இல்லை. அன்று வெகுநேரம் பேசினான். மாமா கடை வாசலில் மேலும் கீழும் நடந்தபடி "ம், சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் யாருக்கும் இரண்டு முறை சரி சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"ரோடு டயரே போதுமாம் ஹெர்பர்ட். ஞாயித்துக்கிழமை நாம போற பாதை சின்ன ட்ரெயிலாம். அந்தக் கட்டி டயர் போட்டா வண்டி உதறுமாம், 'உங்க இடுப்பு போயிடும் டாடி'ன்றான். என் இடுப்பு வலி அவனுக்கு ஞாபகம் இருக்குது, பாத்தியா?"

வெங்கடசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். காலமெல்லாம் அளந்து பார்க்காமல் ஒரு ஆணியைக்கூட நம்பாத மனிதர், மகன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். நான்கு ரோடு டயர்களை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அந்த ஞாயிறு மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். எல்லாருக்கும் கொடுப்பதற்கு பேக்கரியில் பிளம் கேக் வேறு வாங்கி வைத்திருந்தார். வழி முழுக்க, அக்கா இருந்திருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று பேசிக்கொண்டே ஓட்டினார். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். பாறை தொடங்கும் இடத்தில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்துவார்கள். காற்றை இறக்குவதற்கு முன்னால் ஒருவர் வந்து டயர்களைப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் மேலே ஏற விடுவார்கள். நடுப்பாறையில் ஒரு டயர் கிழிந்து நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள், ஆகவே நியாயமான வழக்கம்தான். டயர் பார்க்கிற பொறுப்பு ஜாய்சனுடையது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

வரிசையில் எங்கள் முறை வந்தது. குனிந்தான். முன் டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான். மற்ற மூன்றையும் பார்க்கவே இல்லை.

"சாரி டாடி. இது ஹைவே டயர். அலவ் பண்ண முடியாது."

"டேய், நீதானேடா..." என்று ஆரம்பித்தேன். மாமா என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார்.

"தப்பு என்னுதுதான்" என்றார், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான்தான் கேக்கல."

ஜாய்சன் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். அந்த வண்டிக்காரன் தருண், விவரமில்லாத நல்ல பையன், சமாதானம் சொல்ல எங்களிடம் வந்தான்.

"ஃபீல் பண்ணாதீங்க அங்கிள். ஜாய்சன் நேத்தே சொல்லிட்டான், டாடி வண்டி செக்ல நிக்காது, சும்மா பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவாருன்னு. நாங்க எறங்க சாயந்தரம் ஆயிடும். நீங்க வெயிட் பண்ண வேணாம்."

மாமா தலையாட்டினார். பின்சீட்டில் இருந்த கேக்கை எடுத்து அவனிடம் கொடுத்தார். "எல்லாருக்கும் குடுப்பா. ஜாய்சனுக்கு முந்திரி இருக்கிற துண்டு."

டயர்களில் காற்று இறங்குகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாகப் பாறை மேல் ஊர்ந்து ஏறின. முதலில் போனவன் ஜாய்சன். நன்றாகத்தான் ஓட்டினான். மாமா இறங்கி நின்று, அவன் வண்டி மரங்களுக்குப் பின்னால் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அவனைச் சின்ன வயதில் படுத்தாத பாடு படுத்தியிருக்கிறார். வராதீங்க என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று விட்டிருப்பேன். இடுப்பு வலியில் அக்கறை இருப்பதுபோலப் பேசியா ஒருவன் பெற்ற அப்பனை ஏமாற்றுவான்?

"நாளைக்கே வெங்கடசாமி கடைக்குப் போறோம் மாமா" என்றேன். "அவரு சொன்ன டயரையே மாட்டறோம். அடுத்த வாரம் இவன் எப்படி நிறுத்தறான்னு நானும் பாக்கறேன்."

மாமா ஜீப்பில் ஏறி சாவியைப் போட்டார்.

"வேணாம் ஹெர்பர்ட். நல்ல டயரோட வந்து நின்னா, என்னைத் திருப்பி அனுப்ப அவன் வேற காரணம் தேடணும். புள்ளைக்கு எதுக்கு அந்தச் செரமம்?"