நஸ்ரினின் ஒன்றரை சென்டிமீட்டர்

1. சுவரில் ஒட்டிய ஒட்டகச்சிவிங்கி

பாலில் கலந்து குடிக்கும் சத்துமாவு தயாரிக்கிற ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எங்கள் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட். பிள்ளைகள் பி.டி. முடித்து வியர்வையோடு வந்திருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட நீளமான சார்ட் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரையும் அதன் முன் நிறுத்தி உயரம் குறித்தார்கள். ஆளுக்கு முப்பது பாக்கெட் மாவு கொடுத்து, ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொன்னார்கள்.

இது இரண்டாயிரத்துக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, செம்பாக்கம் ஏரியை அடுத்த ஒரு பள்ளியில் நடந்தது. நான் அங்கே இயற்பியல் ஆசிரியர். எட்டாம் வகுப்புக்கு அறிவியலும் என் பொறுப்பு. தலைமையாசிரியையிடம் என் ஐயத்தைச் சொன்னேன்.

“ஹெல்த் அவேர்னஸ்தானே சார். ஸ்கூலுக்கு ஒரு வாட்டர் ப்யூரிஃபையர் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நம்ம போர்வெல் தண்ணிய நீங்களே குடிக்கிறதில்லையே!”

அது உண்மை. நான் வகுப்புக்குத் திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, காலை இறைவணக்கம் முடிந்ததும் வந்தார்கள். மீண்டும் அளந்தார்கள். அனைவரும் வளர்ந்திருந்தார்கள். மிக அதிகமாக வளர்ந்தவள் நஸ்ரின்: ஒன்றரை சென்டிமீட்டர். வகுப்பிலேயே சிறிய உருவம் அவளுடையது. வரிசையில் எப்போதும் முதலில் நிறுத்தப்படுபவள். அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறுக்க மாட்டேன்.

“சூப்பர் ரிசல்ட் மேடம்! ஆன்யுவல் டே அன்னிக்கு பாப்பா ஸ்டேஜ்ல ரெண்டு வார்த்தை பேசட்டும். ஃபோட்டோவோட பேனர் அடிச்சுடறோம்” என்றார் நிறுவனத்தின் இளைஞர். நஸ்ரினின் தந்தை கேம்ப் ரோடு அருகே மளிகைக் கடை வைத்திருந்தார். பேனரை அந்தக் கடையின் முகப்பிலேயே கட்டுவது என்று முடிவாயிற்று.

2. அளக்காத ஆசிரியர்

மறுநாள் வகுப்பில் விளம்பரங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். விற்பவர்கள் பொய் சொல்வார்கள், தொலைக்காட்சியில் வருவதை நம்பாதீர்கள், மாவு குடித்து எவரும் வளர்வதில்லை என்றெல்லாம் சொன்னேன். நிறுவனத்தார் சொன்னதை எழுதிக்கொண்ட அதே பணிவோடு பிள்ளைகள் இதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நஸ்ரின் மட்டும் எழுதவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், எங்க அத்தாவும் விக்கிறவங்கதான். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க.”

“நான் உன் தந்தையைச் சொல்லவில்லை அம்மா.”

“கம்பெனிக்காரங்க என்னை அளந்து பாத்து சொன்னாங்க சார். நீங்க அளந்து பாத்தீங்களா?”

மணியடித்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

வீட்டில் இதை கிரேஸிடம் சொன்னேன். கிரேஸ் என் மனைவி. அதே பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விடைத்தாள் கட்டு நழுவியது.

“ஏங்க, வருஷம் பூரா வெர்னியர் காலிப்பர்ல ஜீரோ எரர் பாருன்னு பசங்கள உயிர வாங்குறீங்க. நீங்க அளக்காமலே தீர்ப்பு சொல்லிட்டு வந்தீங்களா?”

“சிரித்தது போதும்.”

“சரி, ஒண்ணு மட்டும் கேக்கறேன். மொதல் தடவ எத்தன மணிக்கு அளந்தாங்க?”

“மாலை. கடைசி பீரியட்.”

“ரெண்டாவது தடவ?”

“காலையில். அதனால் என்ன?”

“சொல்ல மாட்டேன். நான் சொன்னா அதையும் அளக்காம நம்பிடுவீங்க.”

கிரேஸ் சென்ற ஆண்டு மறைந்தார். நான் எழுதும் எதையும் திருத்தித் தந்தவர் அவர். இந்தக் குறிப்பு திருத்தப்படாமல் வெளியாகிறது.

3. ஐந்து நாள் சோதனை

வகுப்பில் முதலில், அளக்காமல் பேசியது தவறு என்று சொன்னேன். பிறகு அளக்கத் தொடங்கினோம். ஐந்து பள்ளி நாட்கள், காலை மணியடித்ததும் ஒரு முறை, கடைசி பீரியடில் ஒரு முறை. சுவரில் ஒரு ஸ்கேல். தலைமேல் மட்டமாக வைக்க ஒரு மரப்பலகை. காலை அளவை எழுதிய சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மாலையில் அளப்பவர் வேறொருவர். காலை அளவு அவருக்குத் தெரியக்கூடாது. கடைசி விதியைக் கேட்டவள் நஸ்ரின்தான்.

“டேய் சந்தோஷ், குதிகால தூக்காதடா!”

“எங்கடா தூக்கினேன்? என் ஹைட்டே இவ்ளோதான் மச்சான்.”

“சாக்ஸுக்குள்ள அட்டை வச்சிகினு பேச்சப் பாரு!”

மூன்றாம் நாள் அதே சந்தோஷ் தயங்கியபடி வந்தான். “சார், ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே? நான் அந்த மாவ குடிக்கவே இல்ல. எங்க வூட்டு பூனைக்கு கரைச்சு வச்சிட்டேன்.” ஆனால் ஒட்டகச்சிவிங்கி சார்ட்டில் அவனும் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான்.

“அப்ப பூன எவ்ளோ வளந்துச்சுடா?” என்று பின்வரிசை கேட்டது. வகுப்பின் சிரிப்பை அடக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை சீட்டுகளைப் பிரித்தோம். எல்லோரும் காலையில் உயரமாகவும் மாலையில் குள்ளமாகவும் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு வேறுபாடு ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருந்தது. நஸ்ரினுக்குச் சரியாக ஒன்று. அதன் பிறகுதான் கிரேஸ் வகுப்புக்கு வந்து, முதுகெலும்பின் இடைத்தட்டுகள் பகல் முழுதும் உடல் எடையால் அமுங்குவதையும் உறக்கத்தில் மீள்வதையும் படம் வரைந்து விளக்கினார்.

நஸ்ரின் தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப மீதி அரை சார்?”

“வளரும் வயது, அதனால் இருக்கலாம். மாவாலும் இருக்கலாம். நம்மிடம் இருக்கும் அளவுகளைக் கொண்டு சொல்ல முடியாது.”

“ஸ்டேஜ்ல நான் என்ன சொல்றது?”

“அதை நான் சொல்லித் தந்தால், அவர்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை.”

4. தராசு தெரிந்தவர்

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவள் தந்தை வந்தார். குரலில் மரியாதை குறையவில்லை, கோபமும் குறையவில்லை.

“பேனர் கட்டியாச்சு சார். தெருவே பாத்தாச்சு. இப்ப புள்ள ராத்திரி சோறு எறங்காம ஒக்காந்திருக்கா. மேடையில மாத்திப் பேசினா, கடை முன்னாடி எனக்கு என்ன மரியாதை?”

மகளின் நோட்டை அவர் முன் வைத்தேன். விரலால் ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு பத்திகளிலும் மேலே எழுதியிருந்த ‘காலை’, ‘மாலை’ என்ற சொற்களில் விரல் நின்றது.

“மொதல்ல சாயந்திரம் அளந்துட்டு அப்புறம் காலையிலயா வந்தாங்க?”

“ஆம்.”

“வாங்கறதுக்கு ஒரு தராசு, விக்கறதுக்கு ஒரு தராசுன்னு வச்சா, எங்க பஜார்ல அவன்கிட்ட யாரும் சரக்கு எடுக்க மாட்டாங்க சார்.” மறுபடியும் நோட்டைப் பார்த்தார். “தெரிஞ்சே பண்ணாங்களா?”

“அது எனக்குத் தெரியாது.”

நோட்டை மூடிக் கொடுத்தார். “அவ இஷ்டப்படி பேசட்டும்.”

5. ஆண்டு விழா

நிறுவனத்தின் இளைஞர் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்த அட்டையை நஸ்ரின் மேடைக்குக் கொண்டு போகவில்லை. மைக் அவளுக்கு எட்டவில்லை, தாழ்த்திக் கொடுத்தார்கள்.

“நான் தினமும் மாவு குடிச்சேன். ஒன்றரை சென்டிமீட்டர் கூடினேன். அதுல ஒரு சென்டிமீட்டர் சாயந்திரம் ஆனா எல்லாருக்குமே குறையும். நாங்க அளந்து பாத்தோம். மீதி அரை எதனாலன்னு தெரியல. எங்க சாருக்கும் தெரியாது.”

கூட்டம் சிரித்தது, பிறகு கை தட்டியது. தலைமையாசிரியை தட்டவில்லை. வாட்டர் ப்யூரிஃபையர் வரவில்லை. அந்த ஆண்டு முழுதும் என்னோடு அவர் காகிதத்தில்தான் பேசினார். அதற்காக நான் வருந்தியதில்லை.

‘விளம்பரத்தை நம்பாதே’ என்று பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது. அதுவும் அவர்கள் காதில் இன்னொரு விளம்பரமாகவே விழுகிறது. ‘எப்போது அளந்தார்கள், யார் அளந்தார்கள், குடிக்காதவன் எவ்வளவு வளர்ந்தான்’ என்று கேட்கப் பழக்கினால் போதும். அந்தக் கேள்விகள் ஆசிரியர் மேலும் திரும்பும். திரும்ப வேண்டும்.

அடுத்த வாரம் நஸ்ரினின் தந்தையின் கடைக்குப் போனேன். பேனர் இல்லை. அதே நிறுவனத்தின் மாவு டப்பாக்கள் அலமாரியில் இருந்தன. ஒரு பெண்மணி டப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், இத குடிச்சா புள்ள வளருமா?”

“புள்ள எப்படியும் வளரும்மா. ருசி புடிச்சா குடுங்க.”

அவர் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.