நான்கு வரிக்கான இடம்

செசன்சு நீதிபதியின் மேசையில் நான் முதன்முதலாகக் கொண்டுபோய் வைத்த தீர்ப்பின் கடைசித் தாளில், தண்டனைக்கு மேலே நான்கு வரிக்கு இடம் காலியாக இருந்தது. கைத்தவறு அல்ல, எனக்கு முன் இருந்தவர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. குற்றச்சாட்டு, சாட்சிகள், எதிர்த்தரப்பு வாதம், முடிவு, பிறகு அந்த இடம், அதற்குக் கீழே தண்டனை. கொலைக்குத் தூக்குதான் வழக்கமான தண்டனை என்று அன்றைய சட்டம் வைத்திருந்தது. ஆயுள் தண்டனையாகக் குறைக்கும் நீதிபதி, ஏன் குறைத்தேன் என்று எழுதியாக வேண்டும். அதை அவர் தம் கையாலேயே எழுதுவார்.

சுருக்கெழுத்தும் தட்டச்சும் தேறி, சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நான் வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் வருடத்திலேயே, 1956-இல், சட்டம் திருத்தப்பட்டது. குறைத்தாலும் இனிக் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. நான் இடத்தை எடுத்துவிட்டேன். அடுத்த தீர்ப்பைப் பார்த்த நீதிபதி, "இடம் எங்கம்மா போச்சு?" என்று கேட்டார். திருத்தத்தைச் சொன்னேன். "எழுத வேண்டாம்னுதான் சொல்றாங்க. எழுதக் கூடாதுன்னு சொல்லலியே. பழையபடி விடுங்க. இனிமே தூக்குக்கும் சேர்த்தே எழுதுறேன்" என்றார்.

அப்படி அவர் எழுத உட்கார்ந்த ஒரு நாள் நினைவில் நிற்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவன், பொதுக் கிணற்றுத் தண்ணீரின் முறைக்காகச் சண்டையிட்டுப் பங்காளியை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். அடித்தவன் அவன்தான் என்பதில் சந்தேகம் இல்லை. தூக்கா, ஆயுளா என்பதுதான் மிச்சம். அவன் மனைவி என் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து தட்டச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். செத்தவனின் தாய் எதிர்த் தூணருகே இருந்தாள்.

நீதிபதி தூக்கு என்றே தொடங்கினார். வழக்கத்துக்கு மாறாகக் காரணத்தையும் என்னிடம் சொல்லி, வரிவரியாகத் தட்டச்சு செய்து கொண்டுவரச் சொன்னார். கொடூரமாக அடித்தான் என்றார். தாளைப் பார்த்துவிட்டு, விழுந்தது ஒரே அடி என்று அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டார். ஆயுதத்தோடு வந்தான் என்றார். வாய்க்கால் திருப்ப வந்தவன் கையில் மண்வெட்டி இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று அதையும் அடித்தார். இந்த மாவட்டத்தில் இத்தகைய கொலைகள் பெருகிவிட்டன என்றார். பாதியிலேயே நிறுத்தி, "அது மத்தவங்க செஞ்சது. இவன் கணக்குல எப்படி எழுதறது?" என்றார். பிறகு என்னைப் போய் இருக்கச் சொன்னார். நான் என் இடத்துக்குத் திரும்பிக் காத்திருந்தேன்.

வெளியே அந்தப் பெண் நீதிபதியின் கதவருகே நின்ற டவாலியைக் கேட்டது காதில் விழுந்தது. "ஏனுங்க சாமி, மிசினு நின்னு போச்சுங்களே. நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"காயிதம் தீந்திருக்கும். எனக்கென்ன தெரியும்? நான் கதவு தொறக்கற ஆளு."

"உள்ள போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"போனா அப்புறம் எனக்கு யாரு கதவு தொறக்கறது?"

அவள் சிரிக்கவில்லை. நீதிபதியின் அறை மணி அடித்தது. நான் உள்ளே போனேன். "ஆயுள்னு போடுங்க" என்ற நீதிபதி, காலி இடத்தில் தாமே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: தூக்குக்கு நேர்மையான காரணம் ஒன்றும் என்னால் எழுத முடியவில்லை. நீதிமன்றத்தில் அதைத் தமிழிலும் சொன்னார். வெளியே வந்ததும் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்தவனின் தாய் என்னை நிறுத்தி, "எம் பையனுக்கு இவ்வளவுதானுங்களா, கண்ணு?" என்றாள்.

அவர் மாற்றலாகிப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இடம் விடும் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பின்னால் வந்த ஒருவர் அதைத் திருத்தவும் இல்லை, நிரப்பவும் இல்லை. இப்போது இருப்பவர் போன வாரம் கொலைத் தீர்ப்பு ஒன்றின் கடைசித் தாளைத் தூக்கிப் பிடித்து, "இது எதுக்கும்மா காலியா கெடக்கு?" என்றார்.

"காரணம் எழுதறதுக்குங்க ஐயா."

"எழுதணும்னு சட்டத்துல இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப இடம் விடாம சேர்த்தே டைப் அடிச்சிருங்க."

அவர் சொன்னதில் சட்டப்படி பிழை இல்லை. முடிவுக்கு அடுத்த வரியிலேயே தூக்குத் தண்டனையை வைத்துத் திரும்பத் தட்டச்சு செய்தேன். வராந்தாவில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை மிசின் நடுவில் நிற்கவில்லை. நான்கு வரி குறைந்ததில் ஒரு தாள் மிச்சமாயிற்று.