பின்னறைக்கு வந்த வைஃபை

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஐந்து மாணவர்கள் வாடகைக்கு இருந்த அந்த வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் நின்று கூப்பிட்டால் பின்னறையில் இருப்பவனுக்குக் கேட்காது. வைஃபை பெட்டி வாசல் பக்கத்து அறையில் இருந்தது; மாரிசெல்வம் பின்னறையில்.

மகாராஜபுரத்தில் அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிய கையால் கீபோர்டு பழகி, ராஜபாளையத்துக் கல்லூரியில் எம்.சி.ஏ. கடைசி வருடம் வரை வந்துவிட்டான். அதில் அவனுக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். அந்த வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவந்ததும் அவன்தான். கேபிள்காரரோடு மொட்டை மாடியில் ஏறியவன், பாஸ்வேர்டு வைத்தவன், நெட் நின்றால் பெட்டியை அணைத்துப் போடுகிறவன் எல்லாம் அவனே. "ஏலே மாரி, நெட்டு போச்சு, செத்த வாயேன்" என்று கூடக் குடியிருக்கும் வைகுண்டராஜ் சோற்றுக் கையோடு கத்தும்போது சலித்துக்கொண்டேதான் எழுந்து போவான். உள்ளுக்குள் இனிக்கும்.

பார்த்தா வந்து அதைக் கெடுத்தான்.

பார்த்தா இந்த ஊரிலேயே பிறந்தவன். அப்பாவுக்கு மாற்றலாகித் திருச்சிக்குப் போன குடும்பம். படிப்புக்காக அவன் மட்டும் திரும்பி வந்து மாரிசெல்வத்தின் வகுப்பிலேயே சேர்ந்தான், அந்த வீட்டுக்கும் குடிவந்தான். அவன் வந்த சமயம், மாரிசெல்வம் ராஜபாளையத்தில் ஒரு கடையில் ரிப்பீட்டர் வாங்கித் தன் அறையில் மாட்டியிருந்தான். வருகிற வைஃபையை வாங்கி அடுத்த அறைக்குத் தள்ளிவிடுகிற சின்னப் பெட்டி. போனில் சிக்னல் கோடு முழுசாக நின்றது. ஆனால் ஒரு வீடியோகூட ஓடவில்லை. செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போனான்.

பார்த்தா பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "இந்த ரூமுக்கு சிக்னலே வரலையேடா, இது எதை வாங்கி எங்க அனுப்பும்? நடு வீட்டுல வைக்கணும்." அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் அடுப்படியில் மிக்ஸி சொருகுகிற பிளக்கில் மாட்டினான். பின்னறையில் படம் ஓடியது.

"ஏ, பார்த்தா பெரிய ஆளுதாம்லே!" என்றான் வைகுண்டராஜ். "மாரி, நீ இம்புட்டு நாளா என்னத்தப் புடுங்கிட்டு இருந்த?"

வீடே சிரித்தது. மாரிசெல்வமும் சிரித்து வைத்தான். அதன்பிறகு நெட் நின்றால் "பார்த்தா!" என்றுதான் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் மாரிசெல்வத்துக்கு வயிறு எரிந்தது. தான் கல்லை உடைப்பதுபோல் உடைத்துக் கற்றதெல்லாம் அவனுக்குச் சும்மா வந்தது. இங்கிலீஷ் வந்தது. கொல்லைச் சுவரோரம் நின்று "மாமி" என்று ஒரு குரல் கொடுத்தால் அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து வத்தக்குழம்புகூட வந்தது.

ஆடி மாதம் ஒரு பெங்களூர் கம்பெனி கல்லூரியில் சிலரைப் பொறுக்கி, ஆன்லைனில் இன்டர்வியூ வைத்தது. மாரிசெல்வத்துக்கு வந்த தேதி ஆடிப்பூரத் தேரன்று. அவனுக்கு அதில் சந்தோஷம்தான். பயல்கள் அத்தனை பேரும் தேருக்குப் போய்விடுவார்கள். நெட் முழுசும் தனக்கே. "உனக்கு என்னைக்குடா?" என்று பார்த்தா கேட்டபோது, "இன்னும் மெயில் வரல" என்று சொல்லிவிட்டான். இவனிடம் சொன்னால் அதைச் செய், இதைச் செய் என்பான். வேலை கிடைத்தால் அது இவன் வாங்கிக் கொடுத்த வேலையாகிவிடும்.

சின்ன வயதிலிருந்து தேர் பார்க்க வந்து போனவன்தான் மாரிசெல்வம். ரத வீதியில் குடியிருந்து பார்த்ததில்லை. போன வருடம் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தான். தேர் நகர்வதற்கு முன்னால் அந்த வீதியில் கரண்டை நிறுத்துவார்கள், குறுக்கே போகும் வயரையெல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். வீதிக்காரர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை. அதனாலேயே அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

தேரன்று காலை, மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஃபேன் நின்றது. நெட்டும் நின்றது. போனில் பார்த்தான், தெருவில் நின்ற கூட்டத்துக்கு டவர் திணறி, டேட்டா சுற்றிக்கொண்டே இருந்தது.

துண்டு எடுக்கத் திரும்பி வந்த பார்த்தா பின்னறை வாசலிலேயே நின்றான். "என்னடா, மாப்பிள்ளை மாதிரி சட்டையப் போட்டு உக்காந்திருக்க?"

வாயைத் திறந்தால் இவனிடம் கேட்டதாகிவிடும். திறக்காவிட்டால் வேலை போய்விடும். "இன்டர்வியூ" என்றான் மாரிசெல்வம், தரையைப் பார்த்துக்கொண்டு. "இன்னைக்கு. இன்னும் செத்த நேரத்துல."

"கிறுக்கா! எனக்கும் இன்னைக்குத்தான் போட்டிருந்தாங்க. எங்க தெருவுல தேர், கரண்ட் இருக்காதுன்னு ஒரு மெயில் அனுப்பினேன், நாளைக்கு மாத்திட்டாங்க. சொல்லியிருந்தா உனக்கும்..." அதற்குமேல் பேசாமல் அடுப்படிக்கு ஓடி ரிப்பீட்டரைக் கழற்றினான். கொல்லைச் சுவரில் ஏறினான்.

"மாமி! உங்க வைஃபை பாஸ்வேர்டும் ஒரு பிளக்கும் வேணும்."

அந்தப் பக்கம் மரகதவல்லி மாமி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசல் பின் தெருவில். தேர் அங்கே வராது. கரண்டும் போகாது, வயரையும் அவிழ்க்க மாட்டார்கள்.

"காலங்கார்த்தால பாஸ்வேர்டு எதுக்குடா?"

"மாரிக்கு இன்டர்வியூ, மாமி."

"தேரும் அதுவுமாவா? நன்னா வச்சான் போ! வாஷிங் மெஷினைக் கழட்டிட்டு அதுல சொருகிக்கோ."

சுவர் தாண்டி வந்த சிக்னல் பின்னறைக்கு நன்றாகவே எட்டியது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. கேட்டதற்கெல்லாம் மாரிசெல்வம் பதில் சொன்னான்; கடைசிக் கேள்வியில் மட்டும் திணறி, எழுதிப் பார்த்துப் பிறகு சொன்னான்.

முடித்து வெளியே வந்தபோது, பார்த்தா சுவருக்கு அந்தப் பக்கம் பிளக்கை ஒரு கையால் அழுத்திக்கொண்டு நின்றிருந்தான். "லூசா இருக்குடா, விட்டா அணைஞ்சுடுது." தெருவில் தேர் கிளம்பிப் போயிருந்தது. வருடா வருடம் வடம் பிடிக்கிறவன் அவன். "அது கெடக்கட்டும், என்ன கேட்டாங்க?"

மாரிசெல்வம் ஒவ்வொன்றாகச் சொன்னான். நாளைக்கு இவனிடமும் அதையே கேட்கலாம் என்று கடைசியை மட்டும் விழுங்கிக்கொண்டான். "அம்புட்டுதான். எல்லாம் சாதாரணம்."

"நல்லது. வா, மூலை திரும்புறதுக்குள்ள வடத்தைப் புடிச்சிடலாம்."

ஓடினார்கள். "பார்த்தா, இங்க வா!" என்று யாரோ இடம் விட்டார்கள். மாரிசெல்வத்தை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை; பார்த்தாதான் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். இரண்டு பேரும் ஒரே வடத்தை இழுத்தார்கள். விழுங்கியதை அதற்குமேல் மாரிசெல்வத்தால் வைத்திருக்க முடியவில்லை.

"ஏலே, இன்னொன்னு கேட்டாங்க. கடைசி டிக்கெட்டை ஒரே நேரத்துல ரெண்டு பேரு புக் பண்ணா, புரோகிராம்ல எப்படித் தடுப்பன்னு!"

"என்னது? கேக்கல!"

சொல்லவே மனம் வராத ஒன்றை இரண்டாம் முறை, அதுவும் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. முடிவு வந்த நாளில் பார்த்தாவுக்குக் காலையிலேயே மெயில் வந்தது, மாரிசெல்வத்துக்குச் சாயங்காலம். இடைப்பட்ட அந்தப் பகல் முழுக்க, தேர்க்கூட்டத்தில் தான் ஏன் வாயைத் திறந்தோம் என்று மாரிசெல்வம் பின்னறையில் படுத்துக்கொண்டு தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.